துவைத்துக் காயவைத்துத் தரும் ஒரே மெஷின்: வடிவமைப்பைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள்

அம்மாவுக்கு இரண்டு மணிக்கட்டிலும் வலி வந்த பிறகு, துவைப்பது அவருக்குப் பெரிய வேலையாக இல்லை. அதை வாஷிங் மெஷின் பார்த்துக்கொண்டது. துவைத்த துணியை வெளியே இழுத்து, வாளியில் போட்டு, கொடிவரை தூக்கிக்கொண்டு போய் உதறிப் போடுவதுதான் அவரால் முடியவில்லை. 5 கிலோ துணி உள்ளே போனால் ஈரத்தோடு 8 கிலோவாக வெளியே வரும். அழுக்குத் துணியைப் போட்டுக் கதவைச் சாத்த வேண்டும். மறுபடி திறக்கும்போது மடித்து வைக்கிற பதத்தில் துணி கையில் வர வேண்டும். நடுவில் யாரும் ஈரத்தைத் தொடக் கூடாது. இப்படி ஒரு மெஷினை வடிவமைக்க உட்கார்ந்தேன். மூன்றாவது வடிவம்தான் சரியாக வந்தது. அதில் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதல் வடிவத்தில் ஒரு நல்ல வாஷிங் மெஷினை எடுத்து, அதற்கு மேலே ஹீட்டரும் ஃபேனும் பொருத்தினேன். அதுதான் தவறு. துவைப்பதற்கென்று அளவெடுத்துச் செய்த டிரம்மில் துணி காயாது. இந்த மெஷினில் கஷ்டமான பாதி காயவைப்பதுதான். அதனால் அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

முதலில் ஒரு கணக்கு. துணியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கக் குறைந்தது 0.67 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும், அதாவது ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. சாதாரண ஹீட்டரை வைத்துக்கொண்டு எவ்வளவு சாமர்த்தியமாக வடிவமைத்தாலும் இதைக் குறைக்க முடியாது. ஆனால் அதே தண்ணீரைச் சுழற்றிப் பிழிந்து வெளியேற்ற மோட்டாருக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். நிமிடத்துக்கு 1000 சுற்றில் பிழிந்த 5 கிலோ பருத்தித் துணியில் ஏறத்தாழ 3 லிட்டர் தண்ணீர் தங்கும். 1400 சுற்றில் பிழிந்தால் ஏறத்தாழ இரண்டரை லிட்டர். அந்த அரை லிட்டர் வித்தியாசத்தில் மட்டும் மூன்றில் ஒரு யூனிட் மிச்சம், காயும் நேரத்தில் இருபது நிமிடமும் மிச்சம். ஆகவே ஹீட்டரில் காசைப் போடுவதற்கு முன்னால் மோட்டாரிலும் பேரிங்கிலும் போடுங்கள்.

அடுத்தது டிரம். துவைக்க ஒரு கிலோ துணிக்கு 8 முதல் 10 லிட்டர் இடம் இருந்தால் போதும், ஈரத்துணி சுருங்கி உட்கார்ந்துவிடும். காயும்போது துணி விரிந்து, விழுந்து, சூடான காற்று அதன் எல்லா மடிப்புக்குள்ளும் போய்வர வேண்டும். அதற்குக் கிலோவுக்கு 16 லிட்டராவது ஒதுக்குங்கள். நான் 52 செ.மீ. விட்டம், 38 செ.மீ. ஆழம் வைத்தேன், 80 லிட்டர் வருகிறது, 5 கிலோ துணிக்குச் சரியாக இருக்கிறது. 60 செ.மீ. அகலப் பெட்டிக்குள் இதைவிடப் பெரிய டிரம்மை நுழைப்பது சிரமம். டிரம்மைச் சுற்றித் தண்ணீரைப் பிடித்துவைக்கும் வெளித் தொட்டியான டப்புக்கும் அது ஆடுவதற்கும் இடம் விட வேண்டுமே. இதே டிரம்மில் 8 கிலோ துவைக்கலாம், ஆனால் 8 கிலோ காயாது. கடையில் விற்கும் இரண்டும் சேர்ந்த மெஷின்களில் துவைக்க ஒரு எடை, காயவைக்க அதைவிடக் குறைவாக ஒரு எடை போட்டிருப்பார்களே, காரணம் இதுதான். நம் நோக்கம் நடுவில் கதவைத் திறக்காமல் இருப்பது. அப்படியானால் சின்ன எண்தான் மெஷினின் உண்மையான கொள்ளளவு.

டிரம்மின் வேகங்களை ஆரத்தை வைத்தே தீர்மானிக்கலாம். 26 செ.மீ. ஆரத்துக்கு நிமிடத்துக்கு 59 சுற்றுக்கு மேல் போனால் துணி மேலிருந்து விழாமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். துவைப்பது என்பதே துணி மேலே போய்த் தண்ணீரில் பொத்தென்று விழுவதுதான். அதற்கு 45 சுற்று வைத்தேன்: 12 நொடி ஒரு பக்கம், 4 நொடி ஓய்வு, 12 நொடி மறுபக்கம். இப்படித் திசை மாற்றாவிட்டால் பெட்ஷீட் கயிறாக முறுக்கிக்கொண்டு மற்ற துணிகளையெல்லாம் தன் வயிற்றுக்குள் சுருட்டிவைத்துக்கொள்ளும். வெளியே எடுத்தால் மேல்சுற்று மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே கை விட்டால் சில்லென்று ஈரம்.

பிழிவதற்கு முன்னால் 90 சுற்றில் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். துணி சுவரில் சமமாகப் பரவ இந்த நேரம் தேவை. அப்போது மோட்டாரின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று கட்டுப்பாட்டுப் பலகை அளந்து பார்க்க வேண்டும். ஏற்ற இறக்கம் அதிகம் என்றால் ஒரு பக்கம் பாரம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். திரும்ப 45-க்கு இறங்கிப் புரட்டிவிட்டு மறுபடி முயல வேண்டும். இதை அலட்சியம் செய்யாதீர்கள். அரைக்கிலோ ஒரு பக்கமாக ஒதுங்கினால், 1400 சுற்றில் அது டிரம்மை இழுக்கும் விசை சுமார் 2800 நியூட்டன். கிட்டத்தட்ட 285 கிலோ எடையை ஒரு நொடியில் 23 முறை திசைக்குத் திசை மாற்றித் தொங்கவிடுவதற்குச் சமம். 1937-ல் பெண்டிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த முதல் தானியங்கி வீட்டு மெஷினைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது இதனால்தான். இன்று டப்பைச் சுருள்கம்பிகளில் தொங்கவிட்டு, கீழே ஆட்டத்தை அடக்கும் டேம்பர் கொடுத்து, கான்கிரீட் எடைக்கட்டிகளை டப்பிலேயே பூட்டிவிடுகிறோம். தொங்கும் டப்பின் இயல்பான ஆட்டம் நிமிடத்துக்கு 120 முதல் 180 சுற்றுக்குள் வருகிற மாதிரி சுருள்கம்பியைத் தேர்ந்தெடுங்கள். அந்த வேகத்தில்தான் டப் அதிகமாக ஆடும் என்பதால், அந்த இடைவெளியில் மெஷின் நிற்காமல் விறுவிறுவென்று தாண்டிப் போகட்டும்.

ஒரே ஒரு துண்டைப் போட்டால் எத்தனை முறை புரட்டினாலும் சமமாகாது. அப்போது மெஷின் வேலையை நிறுத்திவிட்டு ஈரத்துண்டைக் கையில் கொடுக்கக் கூடாது. 600 சுற்றோடு திருப்திப்பட்டுக்கொண்டு, காயும் நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். என் நிரலில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

துவைக்கும் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959-ல் சொன்ன நான்கு விஷயங்கள் போதும்: சோப்பு, சூடு, அசைவு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்ட வேண்டும். தண்ணீரைப் பச்சையாகவே விட்டு, மெல்ல மெல்ல 40 டிகிரிக்கு ஏற்றுங்கள். சோப்புத்தூளில் இருக்கும் என்சைம்களுக்கு அந்தச் சூடு பிடிக்கும். எடுத்த எடுப்பில் கொதிக்கிற தண்ணீர் பட்டால் ரத்தக்கறையும் முட்டைக்கறையும் வெந்து துணியோடு ஒட்டிக்கொள்ளும்.

அலசுவதில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். பிழியாத 5 கிலோ துணி 10 லிட்டர் சோப்புத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். அதில் 15 லிட்டர் நல்ல தண்ணீரை விட்டால் சோப்பு ஐந்தில் இரண்டு பங்காகத்தான் குறையும். நடுவில் 800 சுற்றில் ஒரு பிழி பிழிந்தால் துணியில் மூன்றரை லிட்டர்தான் மிஞ்சும். அதே 15 லிட்டரில் சோப்பு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். மூன்று அலசல் முடியும்போது முதல் வழியில் இரண்டாவதைவிட எட்டு மடங்கு சோப்பு துணியில் தங்கியிருக்கும். தண்ணீர் இரண்டுக்கும் ஒன்றுதான். கொடியில் காயும் துணியில் மிச்சச் சோப்பு அவ்வளவாகத் தெரியாது. சூட்டில் காயும் துணியிலோ அது விறைப்பாகவும் அரிப்பாகவும் வந்து நிற்கும்.

இனி காயவைத்தல். ஈரக் காற்றை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. குழாய் வைத்து வெளியே தள்ளலாம், ஆனால் சுவரில் ஓட்டை வேண்டும். குளிர்ந்த தண்ணீரைத் தெளித்து ஆவியைத் தண்ணீராக்கலாம். என் இரண்டாவது வடிவம் அப்படித்தான் இருந்தது. துவைக்கச் செலவாகிற மாதிரியே காயவைக்கவும் தண்ணீர் வீணானது, அது எனக்கு ஒப்பவில்லை. மூன்றாவது வழி ஹீட் பம்ப். ஃபிரிட்ஜில் இருக்கும் அதே சுற்றுதான். ஈரக்காற்று குளிர்ந்த தகடுகளின் வழியே போய்த் தண்ணீரை விட்டுவிடும், அடுத்து சூடான தகடுகளின் வழியே போய் 55-60 டிகிரியில் டிரம்முக்குத் திரும்பும். ஆவியிலிருந்து பிடுங்கிய வெப்பமே திரும்பப் பயன்படுவதால் மின்சாரச் செலவு நேரடி ஹீட்டரில் ஆவதில் ஏறக்குறைய பாதிதான். இந்தச் சுற்றை நீங்களே வெல்டு வைத்து வாயு நிரப்ப வேண்டாம். இன்றைய ஹீட் பம்ப் உலர்த்திகள் பலவற்றில் இருப்பது ஆர்-290, அதாவது புரோப்பேன். கசிந்தால் தீப்பிடிக்கும். மூடி முத்திரையிட்ட முழு யூனிட்டாக வாங்குங்கள், அந்த வேலை தெரிந்தவரை வைத்துப் பொருத்துங்கள்.

காற்றோட்டம் மணிக்கு 160 கன மீட்டருக்குக் குறையக் கூடாது. 60 டிகிரியில் நுழையும் காற்று 40-ல் வெளியேறினால், அந்த அளவு காற்று ஏறத்தாழ ஒரு கிலோவாட் வெப்பத்தைத் துணியில் இறக்கும். இரண்டரை லிட்டருக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். சூடேறவும் ஆறவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிழிந்து முடித்ததும் துணி சுவரில் ஒரு வளையமாக அப்பியிருக்கும். அப்படியே சூடேற்றினால் வளையத்தின் உட்பக்கம் மட்டும் காயும். முதலில் ஐந்து நிமிடம் முன்னும் பின்னும் வெடுக்கென்று ஆட்டி அதை உதிர்த்துவிட வேண்டும்.

ஒரு பிரச்சினை என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது. மூன்று மணி நேரம் ஓடியும் துணி லேசாக நசநசவென்றே இருந்தது. காற்று சரி, சூடு சரி. கடைசியில் வடிகால் மூடியைத் திருகித் திறந்தேன். அரை லிட்டர் வெந்நீர் கையில் வழிந்தது. கதவு ரப்பரின் கீழ்மடிப்பை விரித்துப் பார்த்தால் அங்கேயும் ஒரு கரண்டி. டப்பின் அடியில் தேங்கிய அந்தத் தண்ணீர் சூட்டில் ஆவியாகித் திரும்பவும் துணிக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது. இப்போது காயும் நேரம் முழுக்க, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வடிகால் பம்ப் 20 நொடி ஓடுகிறது. ரப்பர் மடிப்பின் அடியில் டப்புக்குள் வடிகிற மாதிரி ஒரு துளை போட்டேன். அதோடு நசநசப்பு தீர்ந்தது.

பஞ்சுப் பிசிறு இன்னொரு தலைவலி. தனி உலர்த்தியில் அது காய்ந்த மெத்தை மாதிரி வலையில் படியும், உரித்து எடுத்துவிடலாம். நம் மெஷினிலோ பாதை முழுக்க ஈரம். குளிர்ந்த தகடுகளுக்கு நடுவே அது சாம்பல் நிறக் களிம்பாக அப்பிக்கொண்டது, தகட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு கீற்றுகூட ஊடே தெரியவில்லை. தகடுகளுக்கு முன்னால் நெருக்கமான வலை ஒன்று வையுங்கள். அது ஒரு கையால் வெளியே வரட்டும். அப்புறம், வடிந்து சேரும் தண்ணீரையே ஒரு சின்ன பம்பால் ஒவ்வொரு முறையும் தகடுகளின் மேல் பாய்ச்சி வடிகாலுக்கு அனுப்புங்கள்.

துணி காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள இரண்டு வெப்ப உணரிகள் போதும், ஒன்று காற்று நுழையும் இடத்தில், ஒன்று வெளியேறும் இடத்தில். ஈரம் இருக்கும்வரை வெளியேறும் காற்றின் சூடு ஒரே மட்டத்தில் நிற்கும், ஏனென்றால் வருகிற வெப்பமெல்லாம் ஆவியாவதற்கே போகிறது. தண்ணீர் தீரத் தீர அந்தச் சூடு மெல்ல ஏறத் தொடங்கும். அது தொடர்ந்து ஏறுவது தெரிந்ததும் நிறுத்தத் தயாராகுங்கள். பிறகு பத்து நிமிடம் சூடில்லாமல் வெறும் காற்றில் புரட்டுங்கள். சூடாகக் குவிந்து கிடக்கும் துணியில் எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம், எனவே இந்தப் பத்து நிமிடத்தை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள்.

பாதுகாப்பில் பேரம் வேண்டாம். தண்ணீர் மட்டம் ஏறாமல் துவைக்கும் ஹீட்டர் எரியக் கூடாது, காற்று ஓடாமல் காயவைக்கும் சுற்று ஓடக் கூடாது. இந்த இரண்டையும் நிரலில் எழுதினால் மட்டும் போதாது, வயரிங்கிலேயே தடுங்கள். ஹீட்டருக்குத் தானாகத் திரும்பும் தெர்மோஸ்டாட் ஒன்று, ஒருமுறை அறுந்தால் மாற்றியே ஆக வேண்டிய வெப்ப ஃபியூஸ் ஒன்று. 30 மில்லியாம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஒன்று. டிரம் முழுதாக நின்று தண்ணீரும் வடியும்வரை கதவுப் பூட்டு திறக்கவே கூடாது.

கதவின் கைப்பிடியை அகலமாக, விரலை மடக்காமல் முழங்கையால் இழுக்கிற மாதிரி செய்தேன். மெஷினை 30 செ.மீ. உயரப் பீடத்தின் மேல் வைத்தேன், குனிய வேண்டியதில்லை.

சோதனைக்கு ஒரு பெட்ஷீட், இரண்டு துண்டு, ஒரு ஜீன்ஸ், மீதி சட்டைகள் என்று காய்ந்த துணியாக 5 கிலோ எடை போட்டு உள்ளே வையுங்கள். முடிந்ததும் அதே தராசில் மறுபடி நிறுத்துப் பாருங்கள். 5.1-க்கு மேல் காட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. தராசு சரி என்றாலும் ஜீன்ஸின் இடுப்புப்பட்டியையும் பாக்கெட்டின் உள்மூலையையும் விரலால் தொட்டுப் பாருங்கள், தடித்த துணி கடைசியில்தான் காயும். அங்கே சில்லென்று இருந்தால் சூட்டைக் கூட்டாதீர்கள், அதே சூட்டில் நேரத்தை மட்டும் பதினைந்து நிமிடம் நீட்டுங்கள்.