கரையோரப் பிள்ளைகளுக்கு அயல்மொழி: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுவாரத்தில், பிரெஞ்சுப் பாடம் உள்ள பள்ளி எதுவானாலும் அதன் சேர்க்கை மேசையில் ஒரு கேள்வி தவறாமல் கேட்கும்: "பிரெஞ்சு எடுத்தால் மார்க் கூடுதலாக வருமா?" 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தால் பத்தாம் வகுப்பு வரை தமிழ் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. பதினொன்றாம் வகுப்பில்தான் முதல் மொழிப்பாடமாகத் தமிழை விட்டு வேறொன்றை எடுக்க வழி திறக்கிறது. அந்த வழியில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நுழைவதே நான் அதிகம் கண்ட தவறு. அதை நானும் செய்திருக்கிறேன்.

என் மகள் இரண்டு ஆண்டுகள் பிரெஞ்சு படித்து, ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்கினாள். அடுத்த கோடையில் புதுச்சேரிக்குப் போயிருந்தபோது, தெருப் பலகைகளை எல்லாம் அழகாகப் படித்துக்கொண்டே வந்தாள். பிரெஞ்சு பேசும் பெரியவர் ஒருவர் அன்போடு அவளிடம், என்ன படிக்கிறாய், எந்த ஊர் என்று இரண்டே வரி கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். வினைச்சொல் அட்டவணைகளையும் ஆயத்த விடைகளையும் மனப்பாடம் செய்த பிள்ளையிடம் வாய்ப்பேச்சை எதிர்பார்ப்பது அவளுக்குச் செய்யும் அநீதி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழில் கட்டுரையும் கவிதையும் அவள் மனத்தில் பதிந்திருக்க வேண்டிய இரண்டு ஆண்டுகளும் அதோடு போயின. பிரெஞ்சு உயர்ந்த மொழிதான். ஆனால் இரண்டாண்டு மதிப்பெண்ணுக்காகத் தமிழை இறக்கிவைத்து அதை எடுக்கும்போது இரண்டுமே கைக்கு வராமல் போகின்றன.

நம் இராமநாதபுரக் கரைக்கே உரிய தவறு ஒன்று உண்டு. கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி போன்ற ஊர்களில் இஸ்லாமியப் பிள்ளைகள் ஐந்தாறு வயதிலேயே ஓதும் பள்ளிக்குச் செல்கிறார்கள். குர்ஆனைத் திருத்தமாக ஓதக் கற்ற அந்தப் பிள்ளைக்கு அரபு மொழி தெரியும் என்று வீட்டார் எண்ணிவிடுகிறார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் நாளில் அது கைகொடுக்கும் என்றும் நம்புகிறார்கள். ஓதுவதும் மொழியறிவும் வேறு வேறு. குர்ஆன் எழுத்துகளின் மேலும் கீழும் உயிரொலிக் குறிகள் இடப்பட்டிருக்கும். நாளிதழிலும் கடைப் பலகையிலும் வேலை ஒப்பந்தத்திலும் அவை பெரும்பாலும் இரா. குறிகளோடு மட்டும் பழகிய கண் அங்கே தடுமாறும், ஏனென்றால் சொல் தெரிந்தவரால்தான் விடுபட்ட ஒலியை ஊகித்துப் படிக்க முடியும். துபாயிலும் ரியாத்திலும் தெருவில் பேசப்படும் அரபு, நூல் அரபிலிருந்து வெகுவாக வேறுபடுவது அடுத்த தடை.

ஆனாலும் இந்தப் பிள்ளைகளிடம் இருக்கும் கைமுதல் சிறியதன்று. தமிழ் மட்டும் பழகிய நாவுக்கு அரபின் தொண்டையொலிகள் எளிதில் வாரா. 'கல்ப்' என்று தமிழில் ஒரே விதமாக எழுதும் சொல்லை, நம் 'க' போலவே தொடங்கினால் நாய் என்றும், அடித்தொண்டையிலிருந்து எழுப்பினால் இதயம் என்றும் பொருள்படும். இந்த வேறுபாட்டை ஓதும் பள்ளியின் உஸ்தாது எட்டு வயதுக்குள் பிள்ளையின் நாவில் ஏற்றிவிடுகிறார். எழுத்தும் உச்சரிப்பும் கைவசம் இருக்க, பொருளையும் பேச்சையும் மட்டும் சேர்க்க வேண்டிய நிலையில் நிற்கும் ஒரு பிள்ளையை, அதைச் செய்யாமலேயே வேறொரு மொழியின் அரிச்சுவடிக்கு அனுப்புவது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் மரபு தழைத்த ஊர்களில் கீழக்கரையும் ஒன்று. அந்த எழுத்து நமக்கு என்றுமே அந்நியமாக இருந்ததில்லை. அதே சமயம், வளைகுடாவின் பணியிடங்களில் ஆங்கிலமும் இந்தியும் உருதும் மலையாளமுமே மிகுதியாகப் புழங்குகின்றன என்பதைச் சபரிலிருந்து, அதாவது வெளிநாட்டு வேலையிலிருந்து, வந்த எவரைக் கேட்டாலும் சொல்வார். ஆகவே அரபு மட்டும் போதும் என்று ஆங்கிலத்தைத் தளரவிடுவதும் தவறே.

மலாயைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, உயர்நிலை வகுப்புகளுக்குக் கொரியம், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துக்கீசியம், ரஷ்யம் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. மலாயும் அரபும் சிங்களமும் அதில் இல்லை. பள்ளிகள் அச்சிட்டுத் தரும் பட்டியலே மொழிகளின் முழு உலகம் என்று பெற்றோர் கொள்வது இங்கேதான் தவறாகிறது. மலேசியாவில் மாமனோ சித்தப்பாவோ இல்லாத தெரு நம் ஊர்களில் குறைவு. மலாய் இன்று ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. காலத்துக்கேற்ப அதன் வினைச்சொல் உருமாறுவதில்லை. 'சாயா மாக்கான்' என்றால் நான் சாப்பிடுகிறேன். நடுவில் 'சுடா' சேர்த்தால் சாப்பிட்டுவிட்டேன், 'ஆக்கான்' சேர்த்தால் சாப்பிடுவேன். கடையைக் 'கெடாய்' என்றும் கப்பலைக் 'கப்பால்' என்றும் பெட்டியைப் 'பெத்தி' என்றும் அவர்கள் சொல்வது, நம்மவர் கடல் கடந்து வணிகம் செய்ததன் தடம்.

கொரியத் தொடர்களைப் பார்க்கும் பிள்ளைகள், அங்கும் தந்தையை 'அப்பா' என்றே அழைக்கிறார்கள் என்று வியந்து, அந்த மொழி தமிழிலிருந்து பிறந்ததென்றே நம்பிவிடுகிறார்கள். ஒன்றிரண்டு சொற்கள் ஒத்தொலிப்பதை வைத்து உறவு கற்பிக்க முடியாது. உண்மையான ஒற்றுமை வாக்கிய அமைப்பில் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் 'வாதாஷி வா கக்கோ நி இகிமாஸ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்று நம் வரிசையிலேயே வந்து நிற்கும். 'நி' நம் நான்காம் வேற்றுமை 'கு' செய்யும் வேலையைச் செய்கிறது. ஆங்கிலத்தில் வாக்கியத்தைத் தலைகீழாக்கிப் பழக வேண்டிய நம் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். எழுத்தோ நேர்மாறு: அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு வகுத்த சித்திர எழுத்துகள் மட்டும் 2,136. இந்த இரண்டையும் பிள்ளையிடம் ஒருசேரச் சொல்லிவிட்டுத் தொடங்குவதே நேர்மை.

சான்றிதழைக் கண்டு ஏமாறுவதும் நடக்கிறது. ஜப்பானியத் திறனறித் தேர்வில் என்5 என்பது ஐந்து படிகளில் அடிப்படி. ஐரோப்பிய மொழிகளில் ஏ1 என்பது ஆறில் முதற்படி. ஜெர்மனியில் செவிலியராகப் பதிவு பெறப் பொதுவாக பி2, அதாவது நான்காம் படி, கேட்கிறார்கள். முதற்படிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு ஏஜென்டிடம் பணம் கட்டிய குடும்பங்களை நான் அறிவேன்.

ஐந்து வயதில் தொடங்காவிட்டால் மொழி வராது என்ற அச்சமும் வேண்டாம். அப்துல் கலாம் படித்த இராமநாதபுரம் பள்ளி யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ், இருபது வயதையொட்டித்தான் தமிழைத் தொடங்கினார். பின்னர் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். தமிழில் பிழையின்றி ஒரு பத்தி எழுதத் தெரிந்த பிள்ளை பன்னிரண்டு வயதில் தொடங்கினாலும் வேகமாகப் பிடித்துக்கொள்கிறது என்பது வகுப்பறையில் நான் நேரில் கண்டது.

சிங்களத்தை அயல்மொழியாக நினைத்துப் பார்க்கவே நமக்கு மனம் வருவதில்லை. அந்தத் தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு, அவற்றை நான் மதிக்கிறேன். ஆனாலும் 1964 புயல் வரை தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. நடுவில் உள்ள கடல் முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. இலங்கையின் வடக்கே நிர்வாக மொழி தமிழ்தான் என்றாலும், கடலில் நம்மவரை மறிக்கும் கடற்படையினர் பேசுவது பெரும்பாலும் சிங்களம். பாம்பனில் ஒரு மூத்த மீனவர் தமக்குத் தெரிந்த சிங்களச் சொற்களை விரல்விட்டு எண்ணிக்காட்டினார்: வதுர என்றால் தண்ணீர், பத் என்றால் சோறு, மாலு என்றால் மீன். மூன்றையும் அவர் சிறையில் கற்றிருந்தார். நான்காவது விரலை மடக்காமல் சற்று நேரம் வைத்திருந்துவிட்டுக் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

எந்த மொழியானாலும் பள்ளியில் கேட்க வேண்டியவை சில உண்டு. சொல்லிக்கொடுப்பவர் அந்த மொழியை எந்தப் படி வரை தேறியிருக்கிறார், அவர் விலகினால் அடுத்தவர் எங்கிருந்து வருவார், எட்டாம் வகுப்பில் நிற்கும் பாடத்தைப் பிள்ளை அதற்குப் பிறகு எங்கே தொடரும் என்று கேளுங்கள். பெருநகரத்திலிருந்து வந்த ஆசிரியர் ஓராண்டில் வேலை மாறிப் போய்விட, ஜெர்மன் படித்த பிள்ளைகள் மறு ஆண்டு பிரெஞ்சுக்கும் அதற்கு மறு ஆண்டு வேறொன்றுக்கும் தள்ளப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், அந்த மொழியை அந்த ஆண்டு தள்ளிவைத்துவிட்டு, அந்த நேரத்தைப் பிள்ளையின் ஆங்கிலப் பேச்சுக்கும் தமிழ் எழுத்துக்கும் கொடுக்கலாம்.