கோடையில் கீழடிக்கு பைக்கில்: ஊர்ச்சாலை வழி

மதுரையிலிருந்து கீழடி 12 கிலோமீட்டர்தான். சிலைமான் வழியாக நான்குவழிச் சாலையில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். இருந்தாலும் நான் சுற்று வழியைத்தான் சொல்வேன்: கருப்பாயூரணி, வரிச்சியூர், பூவந்தி, மடப்புரம், திருப்புவனம், கொந்தகை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

1. செவ்வாய்க்கிழமை வேண்டாம். அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. திருப்புவனத்தில் சந்தை வேறு.

2. காலை ஆறு மணிக்குள் கிளம்புங்கள். டயர் சூடேறுவதற்கு முன்பே, வீட்டிலேயே காற்றைப் பாருங்கள்.

3. மாற்று ட்யூப், இரண்டு டயர் லீவர், ஸ்பேனர், கொறடு, கால் பம்ப். பேட்டரி பம்பைவிட கால் பம்ப்தான் என் கட்சி. சார்ஜ் இல்லை என்ற பேச்சே கிடையாது.

4. இதை நிதானமாகப் படியுங்கள். இந்தப் பக்கம் சாலையோரமெல்லாம் சீமைக்கருவேலம். எதிரே வண்டி வந்து ஓரம் இறங்கினால் முள் ஏறிவிடும். பூவந்தி தாண்டி எனக்குப் பின்சக்கரம் இறங்கியது. கடையில் ஒட்டி வாங்கிய கொஞ்ச தூரத்திலேயே மறுபடியும் காற்று போனது. ட்யூபை ஒட்டினார்களே தவிர, முறிந்த முள் முனை டயருக்குள்ளேயே இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கறுப்புப் புள்ளி மாதிரிகூடத் தெரியாது. அதனால் ட்யூபைக் கழற்றியதும், பழைய பனியன் துணியை டயரின் உட்பக்கம் முழுக்க ஒரு சுற்று மெல்ல இழுத்துப் பாருங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். வெறும் விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும். முனையைக் கொறடால் பிடுங்கி, இன்னொரு சுற்றும் துணியை ஓட்டிய பிறகே ட்யூபைப் போடுங்கள்.

5. முதல் நிறுத்தம் வரிச்சியூர் பக்கம் குன்னத்தூர் மலை. பாறை சுடுவதற்குள் ஏறி இறங்க வேண்டும். குகைத்தளத்தில் தமிழிக் கல்வெட்டுகள், அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்தில் வெட்டியவை, இருக்கின்றன. ஒன்று நூறு கல நெல்லைப் பற்றிச் சொல்கிறது. எழுத்தின் வடிவத்தைக் கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு, சாக்பீஸ் எதையும் பாறையில் வைக்காதீர்கள்.

6. மடப்புரம் காளியைக் கும்பிட்டுவிட்டு, வைகைப் பாலம் தாண்டினால் திருப்புவனம். காலைச் சாப்பாட்டை இங்கேயே முடித்துவிடுங்கள்.

7. பத்து மணிக்கு அருங்காட்சியகம் திறக்கும்போது அங்கே இருங்கள். 2023 மார்ச்சில் திறந்தது, செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். கொளுத்தும் நேரத்தை உள்ளேயே கழிக்கலாம். யானைத் தந்தப் பகடை, சூதுபவள மணி, தக்களி எல்லாம் பாருங்கள். ஆனால் அவசரப்படாமல் நிற்க வேண்டிய இடம் பானை ஓடுகள். 'ஆதன்' என்று கீறியிருக்கும் எழுத்து, காலையில் பாறையில் பார்த்த அதே எழுத்து. அங்கே பள்ளிக்கு, அதாவது துறவிகளின் உறைவிடத்துக்கு, கொடுத்த கொடை. இங்கே வீட்டில் புழங்கிய பானையில் ஒருவர் பெயர். கீழடியின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகிறது என்று கரிமப் பகுப்பாய்வு சொல்கிறது. நேராக கீழடிக்கு வந்து திரும்புகிறவர்களுக்கு இந்தப் பொருத்தம் கிடைக்காது.

8. நான்கு மணிக்கு மேல் சிலைமான் வழியாகத் திரும்புங்கள். மேற்கே வெயில் முகத்தில் அடிக்கும், ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: முள் ஏறினால் என்ன செய்வது என்று ட்யூப்லெஸ் டயர்காரர்கள் கேட்டிருந்தார்கள். முள்ளைப் பார்த்ததும் பிடுங்காதீர்கள். காற்று மெதுவாக இறங்கினால் நிரப்பிக்கொண்டு கடை வரை போங்கள். துளையை அடைக்கும் பிளக் கிட் கையில் இருந்தால் மட்டும் வழியில் பிடுங்கலாம்.