மூன்று கொடிகள் வரைந்து மூவர்ணத்தின் வரலாற்றைப் படிப்பது எப்படி?

1921, 1931, 1947 கொடிகளை வரிசையாக வரைந்த பிறகுதான் நம் கொடியின் கதை எனக்குப் பிடிபட்டது. நீங்களும் வரைந்து பாருங்கள்.

மெல்லிய வெள்ளைத் தாள் போதும், சார்ட் வேண்டவே வேண்டாம் (காரணம் கடைசிப் படியில்). ஸ்கெட்ச் பேனா தாளில் ஊறிவிடும். கலர் பென்சில்தான் சரி.

படி 1: 18 செ.மீ. நீளம், 12 செ.மீ. உயரத்தில் மூன்று செவ்வகங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று சமமான பட்டைகள்.

படி 2: 1921. மேலே வெள்ளை, நடுவில் பச்சை, கீழே சிவப்பு. மூன்றின் மேலும் பெரிய ராட்டை. விஜயவாடா காங்கிரஸ் கூட்டத்தின்போது பிங்கலி வெங்கய்யா காட்டியது சிவப்பு, பச்சை மட்டுமே. வெள்ளையைச் சேர்க்கச் சொன்னவர் காந்தி. சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்றச் சமயத்தாருக்கு.

படி 3: 1931. காவி, வெள்ளை, பச்சை. வெள்ளையில் நீல ராட்டை. நிறங்களுக்குச் சமயப் பொருள் இல்லை என்று காங்கிரஸ் அறிவித்தது இந்தக் கொடிக்குத்தான். இன்றும் பலர் 1921 விளக்கத்தையே சொல்கிறார்கள், வருத்தமாக இருக்கிறது.

படி 4: 1947. அதே நிறங்கள், ராட்டை இருந்த இடத்தில் சாரநாத் தூண் தலைப்பில் உள்ள அசோகச் சக்கரம். 1.85 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். 24 ஆரக்கால்கள், இடைவெளி 15 பாகை. நான் ஒவ்வொரு கோட்டுக்கும் பாகைமானியை நகர்த்தி நகர்த்தி வைத்தேன். சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து, கடைசி இடைவெளி பாதியாகிவிட்டது. மூன்று தாள் வீண். பாகைமானியை அசைக்காமல் 0, 15, 30 என்று 165 வரை 12 புள்ளிகள் வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மையம் வழியாக வட்டத்தின் மறுபக்கம் வரை கோடு இழுத்தால் 24 கிடைத்துவிடும்.

படி 5: தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். ராட்டையின் சக்கரமும் கதிரும் இடம் மாறித் தெரியும். அசோகச் சக்கரம் அப்படியே இருக்கும். கொடியின் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், ராட்டையில் அது அமையாது என்று 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு விளக்கியது இதைத்தான். ராட்டையைக் கைவிடவில்லை, அதன் சக்கரத்தை வைத்துக்கொண்டோம் என்பதே அவர் தந்த பொருள்.

பின்சேர்க்கை: ஆண்டைக் கொடிக்குள்ளேயே எழுதலாமா என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். வேண்டாம். தேசியக் கொடியின் மேல் எழுத்து எதுவும் கூடாது என்பது 2002 கொடி விதி. செவ்வகத்துக்கு வெளியே எழுதுங்கள்.