சந்தையின் எல்லையைப் போடும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஒரு மென்பொருள் நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது வரும் போட்டிச் சட்ட வழக்கு, பல நேரம் ‘தொடர்புடைய சந்தை’ எது, அதாவது எந்தெந்தப் பொருள்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக நின்று போட்டியிடுகின்றன என்பதிலேயே தீர்ந்துவிடும். எல்லையை இறுக்கிப் போட்டால் இரண்டும் சேர்ந்து ஏகபோகம். அகலமாகப் போட்டால் கடலில் கரைத்த பெருங்காயம்.

அடிக்கடி நடக்கும் தவறு, வாடிக்கையாளரின் விருப்பத்தையே எல்லையாக எடுத்துக்கொள்வது. பீப்பிள்சாஃப்டை ஆரக்கிள் வாங்கப் போனபோது, அதைத் தடுக்க அமெரிக்க அரசின் நீதித் துறை (நீதிமன்றம் அல்ல, அரசுத் துறை) 2004இல் வழக்குப் போட்டது. பெரிய நிறுவனங்களுக்கான பணியாளர் நிர்வாக, கணக்கு மென்பொருள்களில் உயர்திறன் ரகம் தனிச் சந்தை, அதில் இருப்பது ஆரக்கிள், பீப்பிள்சாஃப்ட், எஸ்ஏபி மூன்றுதான் என்பது அரசின் வாதம். வாடிக்கையாளர்களும் சாட்சிக்கூண்டில் ஏறி, இவற்றை விட்டால் வேறு வழியில்லை என்றார்கள். நீதிபதி வான் வாக்கருக்கு அது போதவில்லை. அவர்கள் சொன்னது தங்களுக்கு எது பிடிக்கும் என்பதை. விலை ஏறினால் லாசன் போன்ற சிறிய விற்பனையாளரிடம் மாற எவ்வளவு செலவாகும், சம்பளப் பட்டுவாடாவை வெளியே கொடுத்தால் கட்டுப்படியாகுமா என்று யாரும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. அரசு தோற்றது.

அதனால் சாட்சியிடம் இப்படிக் கேளுங்கள்: விலை 5 சதவீதம் ஏறி அப்படியே நின்றுவிட்டால் யாரிடம் போவீர்கள்? மாற எத்தனை மாதம், எவ்வளவு பணம்? பதிலோடு பழைய டெண்டர் கோப்பையும் வாங்கிப் பாருங்கள். போட்டியாளர் பெயரைச் சொன்னதும் எவ்வளவு தள்ளுபடி கிடைத்தது என்பது அதில் இருக்கும். வாயால் சொல்வதைவிட அந்தத் தாள் நூறு மடங்கு பெறும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இணையக் கடைகளில் பொருளுக்குக் கீழே நட்சத்திரமும் கருத்தும் வருகிறதே, அந்த வசதியை விற்ற பஸார்வாய்ஸ் 2012இல் பவர்ரிவியூஸை வாங்கியது. அரசு வழக்குப் போட்டதும், ஃபேஸ்புக் உட்பட சமூக வணிகம் (சமூக ஊடகம் வழியாக நடக்கும் வணிகம்) முழுவதும் எங்களுக்குப் போட்டிதான் என்றது. ஆனால் வாங்குவதற்கு முன் அதன் அதிகாரிகளே எழுதிவைத்த குறிப்புகள், முதன்மைப் போட்டியாளர் பவர்ரிவியூஸ்தான் என்றன. 2014 ஜனவரியில் நீதிபதி வில்லியம் ஆரிக் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். கடைக்காரருக்கு வேண்டியது தன் பக்கத்திலேயே வரும் கருத்துப் பெட்டி. ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டால் அந்தத் தேவை தீராது. வழக்குக்காகத் தயாரித்த அறிக்கையை முதலில் படிக்காதீர்கள். வழக்கு வருமென்று தெரியாத நாளில் எழுதிய மின்னஞ்சலைப் படியுங்கள்.

சரி, பொருள் இலவசமாக இருந்தால்? சுழியத்தில் 5 சதவீதம் சுழியம்தான், அதனால் சந்தையே இல்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். பணமாகக் கேட்காததை நிறுவனம் வேறு வழியில் வாங்கலாம். விளம்பரம் கூடினால், தனியுரிமை குறைந்தால், தரம் இறங்கினால் பயனர் எங்கே போவார் என்று கேட்க வேண்டும். அமெரிக்காவின் 2023 நிறுவன இணைப்பு வழிகாட்டுதல்களும் விலையோடு நிற்காமல், மற்ற நிபந்தனைகள் மோசமாவதையும் இந்த ‘விலை ஏறினால் யாரிடம் போவீர்கள்’ சோதனையில் சேர்த்துக்கொள்கின்றன.