ஈசி (வில்லங்கச் சான்று) க்ளியரா இருக்குன்னு வீடு வாங்கிடாதீங்க

வீடு பார்க்க ஆரம்பிச்ச பசங்க ஃபைலத் தூக்கிட்டு வந்தா முதல்ல சொல்றது ஒரே விஷயம்தான். "அண்ணா, ஈசி முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்த்துட்டேன், க்ளியரா இருக்கு, அட்வான்ஸ் குடுத்துட்டேன்." குடுத்துட்டேன்னு கேட்டாலே எனக்கு வயித்தக் கலக்கும். தாம்பரம், செங்கல்பட்டு பக்கம் டாக்குமெண்ட் பார்த்து லீகல் ஒப்பீனியன் எழுதறதுதான் என் வேலை. எங்க குடும்பத்துப் பெரியவங்க அந்தக் காலத்துல எங்க மாட்டுனாங்களோ அதே எடத்துல இன்னிக்கு நல்லா படிச்ச பசங்களும் வந்து மாட்டறாங்க. தண்ணி எப்படி, வாஸ்து எப்படி, ஸ்டேஷன் எவ்ளோ தூரம், இதெல்லாம் நீங்களே பார்த்துப்பீங்க, அத விட்டுடறேன்.

ஈசிய மட்டும் நம்பறது

வில்லங்கச் சான்றுங்கறது அந்த சர்வே நம்பர்ல சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிவான பத்திரங்களோட லிஸ்ட், அவ்ளோதான். பதிவாகாத எதுவும் அதுல ஏறாது. ஓனர் இறந்தது ஏறாது, அவருக்கு வாரிசு யாரு யாருன்னு ஏறாது, பதிவு பண்ணாம பீரோல வெச்சிருக்கற உயிலும் ஏறாது, கோர்ட்ல ஓடிட்டிருக்கற பாக வழக்கு கூட பல நேரம் ஏறாது. ஆனா புரோக்கர் அந்தப் பேப்பர நீட்டி "பாருங்க சார், ஒண்ணுமே இல்ல"ன்னு சொன்னா நம்ம ஆளுங்க அப்படியே நம்பிடறாங்க.

எங்க சித்தப்பா குரோம்பேட்டைல ஒரு தனி வீடு வாங்கினார். வீடு வித்தவங்க ஒரு அம்மா, அவங்க பையன், பொண்ணு. வீடு அந்தம்மாவோட வீட்டுக்காரர் சொந்தமா சம்பாதிச்சு வாங்கினது, அவர் உயில் எதுவும் எழுதாம இறந்துட்டார். வாரிசு சான்றிதழ் தாசில்தார் ஆபீஸ்ல வாங்கினது, அதுல மூணு பேர், மூணு பேரும் கையெழுத்து போட்டாங்க. ஈசி சுத்தம். பேங்க் லோனும் வந்துச்சு. பத்திரம் முடிஞ்சு பட்டா மாத்தி, வீட்டு வரி மாத்தி, ஈபி கனெக்‌ஷனும் சித்தப்பா பேருக்கு வந்து, மாடி வேற கட்டினார். அப்பறம் ஒரு நாள் கோர்ட் சம்மன் வருது. போட்டது யாருன்னா இறந்துபோனவரோட ரெண்டு அக்காங்க.

என்ன நடந்துச்சுன்னா, அவர் இறந்த அன்னிக்கு அவரோட அம்மா ஊர்ல உயிரோட இருந்திருக்காங்க. இந்து வாரிசுச் சட்டப்படி ஒரு ஆம்பள உயில் எழுதாம இறந்தா, பொண்டாட்டி புள்ளைங்களோட அவரப் பெத்த அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு, சமப் பங்கு உண்டு. அப்போ அந்த வீட்ட மூணா இல்ல, நாலா பிரிக்கணும். அந்தப் பாட்டி அதுக்கப்பறம்தான் இறந்தாங்க, அவங்களோட கால் பங்குல ஒரு பகுதி அவங்க பொண்ணுங்களுக்கு, அதாவது கேஸ் போட்ட அந்த ரெண்டு அக்காங்களுக்குப் போயிடுச்சு. வாரிசு சான்றிதழ்ல பாட்டி பேர் ஏன் இல்லன்னா, வீட்ட விக்கணும்னு முடிவு பண்ணி ரொம்ப லேட்டாதான் அதுக்கு அப்ளை பண்ணிருக்காங்க, அந்த நேரத்துல பாட்டி இல்ல. உரிமை முடிவாகறது சான்றிதழ் வாங்கற தேதில கிடையாது, இறந்த தேதில. இத பேங்க் பக்கம் பார்த்தவரும் கேக்கல, பத்திரம் எழுதினவரும் கேக்கல. கடைசில அந்த அக்காங்களுக்குப் பணம் குடுத்து, பங்க விட்டுக்குடுக்கற விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கித்தான் கேஸ் முடிஞ்சுது. வித்தவங்க காச வாங்கிட்டு ஊர் மாறிப் போயிட்டாங்க, சித்தப்பா இஎம்ஐயும் கட்டினார், வக்கீல் ஃபீஸும் கட்டினார். இன்னிக்கு நெனச்சாலும் எனக்கு ஆத்திரமா வருது, ஏன்னா அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி "அவர் இறந்தப்ப அம்மா இருந்தாங்களா?"ன்னு ஒரே ஒரு கேள்வி யாராவது கேட்டிருந்தா போதும்.

அதனால ஓனர் இறந்து வாரிசுங்க விக்கறாங்கன்னா ஒரு வெள்ளப் பேப்பர எடுத்து வம்சாவளி எழுதுங்க. இறப்புச் சான்றிதழ்ல இருக்கற தேதிய மேல எழுதிட்டு, அந்தத் தேதில யார் யார் உயிரோட இருந்தாங்கன்னு ஒவ்வொருத்தரா கேளுங்க. கல்யாணமாகி வெளியூர் போன பொண்ணுங்கள விட்டுடாதீங்க, "அவளுக்கு நகை போட்டு அனுப்பிட்டோம்"ங்கறதெல்லாம் கோர்ட்ல நிக்காது. பூர்வீக சொத்துன்னா இன்னும் ஜாக்கிரதை, தமிழ்நாட்டுல 1989-லயே பொண்ணுங்களுக்குப் பங்கு குடுத்து சட்டம் வந்துச்சு, 2005-ல மத்திய சட்டம் அத இன்னும் விரிவாக்குச்சு, 2020-ல சுப்ரீம் கோர்ட்டும் அப்பா 2005-ல உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்லன்னு சொல்லிடுச்சு. வாரிசுல மைனர் இருந்தா அம்மா கார்டியனா கையெழுத்து போட்டா போதும்னு சொல்லுவாங்க, போதாது, தனிச் சொத்துல மைனர் பங்க விக்க கோர்ட் பர்மிஷன் வேணும். இல்லன்னா அந்தப் பையன் 18 முடிஞ்சு மூணு வருஷத்துக்குள்ள வந்து விக்கிரயத்த ரத்து பண்ணுன்னு கேஸ் போடலாம். கிறிஸ்தவங்க, முஸ்லிம்களுக்குக் கணக்கு வேற. கிறிஸ்தவக் குடும்பத்துல புள்ளைங்க இருந்தா இறந்தவரோட அம்மாவுக்குப் பங்கு வராது, முஸ்லிம் குடும்பத்துல புள்ளைங்க இருந்தாலும் அம்மாவுக்கு ஆறுல ஒரு பங்கு வரும்.

ஈசி போடறதுலயே இன்னொரு கோளாறு. இன்னிக்கு பட்டாவுல இருக்கற உட்பிரிவு நம்பர மட்டும் போட்டுத் தேடுவாங்க. உட்பிரிவு ஆகறதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் பழைய சர்வே நம்பர்லதான் கிடக்கும், அதையும் போட்டாதான் தெரியும். அப்படியே கோர்ட் கேஸ் விவரம் இருக்கற ஈகோர்ட்ஸ் சைட்ல விக்கறவங்க பேரையும், அவங்களுக்கு முன்னாடி இருந்த ஓனர் பேரையும் போட்டுத் தேடுங்க, காசு கிடையாது.

பேங்க் லோன் குடுத்துட்டா டாக்குமெண்ட் சரின்னு நெனைக்கறது

பேங்க் பார்க்கறது அவங்க பணத்துக்கு. சொத்துல தகராறு வந்தாலும் நீங்க இஎம்ஐ கட்டித்தான் ஆகணும், உங்களுக்குன்னு தனியா ஒரு வக்கீல வெச்சுப் பாருங்க.

பவர் ஏஜென்ட்கிட்ட வாங்கறது

பவர்னா ஓனர் தன் சார்பா விக்கறதுக்கு ஏஜென்ட்டுக்கு எழுதிக் குடுக்கற அதிகாரம். பவர் குடுத்தவர் இறந்துட்டா பொதுவா பவரும் அன்னியோட செத்துப்போச்சு. அதுக்கப்பறம் ஏஜென்ட் போடற கையெழுத்து உங்களக் காப்பாத்தாது. ஓனர் உயிரோட இருக்கார்னு சான்று காட்டுவாங்க, அதோட விட்டுடாம நேர்ல இல்லன்னா வீடியோ கால்லயாவது ஓனர்கிட்ட பேசுங்க, "இந்த விலைக்கு விக்கறது உங்களுக்குத் தெரியுமா"ன்னு கேளுங்க. பேச விடமாட்டேங்கறாங்கன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

ஜெராக்ஸ் பார்த்து அட்வான்ஸ் குடுக்கறது

ஒரிஜினல் கண்ணுல படாம ஒத்த ரூபா குடுக்காதீங்க.

பஞ்சாயத்து அப்ரூவல்னு சொல்ற மனை

லேஅவுட்டுக்கு அப்ரூவல்னா டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) குடுத்திருக்கணும், இல்லன்னா சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) குடுத்திருக்கணும். பஞ்சாயத்து பிரசிடெண்ட் சீல் அடிச்ச வரைபடத்துக்கு எந்த மதிப்பும் கிடையாது. 2016 செப்டம்பர்ல ஹைகோர்ட் அங்கீகாரம் இல்லாத மனைகள பதிவு பண்ணத் தடை போட்டப்ப எத்தனை குடும்பம் மனைய விக்கவும் முடியாம வீடு கட்டவும் முடியாம நின்னுச்சுன்னு நேர்ல பார்த்தேன். அப்பறம் 2017-ல வரன்முறை திட்டம் வந்துச்சு, ஆனா அது 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி உருவான மனைகளுக்குத்தான். "வாங்கிப் போடுங்க, பின்னாடி ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்"னு யாராவது சொன்னா இந்தத் தேதிய ஞாபகம் வெச்சுக்கங்க.

ஃப்ளாட்ல யுடிஎஸ் கேக்காம விடறது

பில்டர், படிக்கட்டு லிஃப்ட் எல்லாம் சேர்த்த சூப்பர் பில்ட்அப் ஏரியாவ பெருசா காட்டுவார். யுடிஎஸ், அதாவது பத்திரத்துல உங்க பேருக்கு வர பிரிக்காத நிலப் பங்கு எத்தனை சதுர அடின்னு கேளுங்க, பழைய பில்டிங்க இடிச்சுக் கட்டும்போது பேசறது அத வெச்சுத்தான். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) படி பதிவு பண்ண ப்ராஜெக்ட்னா பதிவு பண்ண அக்ரிமெண்ட் இல்லாம விலைல 10 சதவீதத்துக்கு மேல வாங்க பில்டருக்கு உரிமை இல்ல, கேட்டா இத சொல்லுங்க.

வெயில்ல போய் மனை பார்க்கறது

வெயில் காலத்துல எல்லா மனையும் காஞ்சுதான் தெரியும். தாம்பரம் பக்கத்து முடிச்சூர்ல பார்க்கறீங்கன்னா 2015 டிசம்பர் வெள்ளத்துல தண்ணி எங்க வரைக்கும் நின்னுச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரங்களக் கேளுங்க.

விலைய மட்டும் பட்ஜெட் போடறது

தனி வீடு, மனைக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். 60 லட்சத்து வீட்டுக்கு அதுவே 5 லட்சத்து 40 ஆயிரம், இதுக்கு பெரும்பாலும் லோன் வராது, கையில இருக்கணும். 50 லட்சம் அல்லது அதுக்கு மேல விலைன்னா 1 சதவீதம் டிடிஎஸ் (விக்கறவருக்குக் குடுக்கற பணத்துல பிடிக்கற வருமான வரி) பிடிச்சு கட்டவேண்டியது வாங்கற நீங்க, மறந்தா வட்டியும் அபராதமும் உங்க தலையிலதான். வித்தவர் துபாய்லயோ அமெரிக்காவுலயோ குடியிருக்கற என்ஆர்ஐன்னா அந்த 1 சதவீதம் செல்லாது, ரேட்டு ரொம்ப அதிகம், 50 லட்சத்துக்குக் கீழ இருந்தாலும் பிடிக்கணும். அதனால பணம் மாத்தறதுக்கு முன்னாடியே ஒரு ஆடிட்டரப் பார்த்துடுங்க.