ரசீது கையில் இருக்கிறது, வழக்கு எங்கே? காவல் துறையிடம் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தம் சிரசுத் திருவிழா முடிந்த மூன்றாவது வாரம், ஒரு அம்மா சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்கு வெளியே என்னிடம் மனு எழுத வந்தார். திருவிழாக் கூட்டத்தில் நிறுத்திவைத்த மகனின் பைக்கை யாரோ தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். "எஃப்ஐஆர் போட்டுட்டாங்கண்ணா, ரசீது கீது பாருங்க" என்று பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நாலாக மடித்து மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கிய தாள். மேலே பேனாவால் எழுதிய சிஎஸ்ஆர் எண், கீழே பாதி மட்டும் பதிந்த ரவுண்டு சீல். சட்டப் பிரிவு என்று ஒன்றுமே அதில் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஏன் திருப்பிக் கொடுத்தார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. வழக்கே பதிவாகவில்லை என்பதை நான்தான் முதலில் சொன்னேன்.

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு இதுதான். சிஎஸ்ஆர் என்பது சமுதாய சேவைப் பதிவேடு. உங்கள் மனு நிலையத்துக்கு வந்தது என்பதற்கு வரவு, அவ்வளவுதான். முதல் தகவல் அறிக்கையில் குற்ற எண் இருக்கும், வருடம் இருக்கும், எந்தப் பிரிவில் வழக்கு என்று இருக்கும். அதன் பிரதி நீதிமன்றத்துக்குப் போகும். அன்றிலிருந்து நிலையத்துக்கு வெளியே ஒருவர் அந்த வழக்குக்குக் கணக்குக் கேட்க முடியும். சிஎஸ்ஆருக்கு அப்படிக் கேட்க ஆளே கிடையாது. அதைக் கிடப்பில் போட்டால் கிடப்பிலேயே கிடக்கும்.

"விசாரிச்சுட்டு எஃப்ஐஆர் போடறோம்" என்பார்கள். வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும் முதற்கட்ட விசாரணைக்கு இடம் கொடுக்கிறது. அதற்கும் டிஎஸ்பியின் முன் அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்க வேண்டும். ஆகவே அப்படிச் சொன்னால் சண்டை போடாதீர்கள். "டிஎஸ்பி அனுமதி வாங்கியாச்சுங்களா சார், எந்தத் தேதி?" என்று மட்டும் கேளுங்கள். கேட்ட தேதியையும் பதில் சொன்னவரின் பதவியையும் வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எஃப்ஐஆர் பிரதி புகார் கொடுத்தவருக்கு இலவசம் என்று அதே பிரிவு சொல்கிறது. ஜெராக்ஸ் காசுகூடக் கொடுக்க வேண்டியதில்லை.

புகாரில் நாம் எழுதும் சொல்லே நம்மைக் கவிழ்க்கும். பஸ் ஸ்டாண்டில் சட்டைப் பையிலிருந்து போனை உருவிக்கொண்டு ஓடியிருப்பார்கள். "தவறவிட்டேன்னு எழுதிக் குடுங்க, உடனே ரசீது கிடைக்கும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். எழுதிக் கொடுத்த நிமிடமே குற்றம் போய்விடும், தொலைந்த பொருள் மட்டும் மிஞ்சும். திருடினார்கள் என்றால் திருடினார்கள் என்றே எழுதுங்கள். பொருளின் உண்மையான மதிப்பையும் எழுதி, பில் இருந்தால் இணையுங்கள். புதிய சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளின் திருட்டு, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியும் பட்டியலில் இல்லை. மதிப்பு எழுதாத புகார் தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். இன்னொன்று: நிலைய ரைட்டர் சொல்லச் சொல்ல எழுதி, படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

"இது எங்க லிமிட் இல்ல" என்ற பேச்சைக் கேட்டுத் திரும்பி வருவது அடுத்தது. சித்தூர் ரோட்டில் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் வழிப்பறி நடந்தாலும், ரயிலில் நகை போனது காட்பாடியில் இறங்கியபின் தெரிந்தாலும், எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பூஜ்ய எண்ணில் எஃப்ஐஆர் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. அதற்கு மேல் மனு செய்யும்போதுதான் எல்லை முக்கியம். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு எஸ்பி இப்போது திருப்பத்தூரில். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணத்துக்கு ராணிப்பேட்டையில். பழைய பழக்கத்தில் வேலூருக்குப் பஸ் ஏறி வந்து ஒரு நாள் கூலியை இழப்பவர்களை இன்னும் பார்க்கிறேன்.

மனு சுற்றி வரும் கதை

அந்த அம்மா என்னைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுத்திருந்தார். திங்கட்கிழமை மனுவைக் கணினியில் ஏற்றி எண் போடுகிறார்கள். போலீஸ் சம்பந்தப்பட்டது என்றால் எஸ்பி ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து டிஎஸ்பி, அங்கிருந்து இன்ஸ்பெக்டர். கடைசியில் எந்த மேசையில் எஃப்ஐஆர் போட மாட்டேன் என்றார்களோ அதே மேசைக்கு வந்து, "மனுதாரரை நேரில் அழைத்து விசாரிக்கப்பட்டது" என்ற பதிலோடு முடித்துவைக்கப்படும். மனுக் கொடுத்தவர் பத்து மனுக் கொடுத்ததாகச் சொல்வார். கோப்பில் ஒரே மனு பத்து முறை சுற்றியிருக்கும்.

சுற்றாமல் மேலே ஏற வழி உண்டு. நிலையத்தில் பதிய மறுத்தால், அதே புகாரை சுரக்ஷா சன்ஹிதா 173(4)-இன் கீழ் என்று தலைப்பில் குறிப்பிட்டு எஸ்பிக்குத் தபாலில் அனுப்புங்கள். புதன்கிழமை எஸ்பி ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுப்பது நல்லதுதான், ஆனால் தபாலையும் விடாதீர்கள். தபால் ரசீதும், போய்ச் சேர்ந்த தேதி காட்டும் தாளும்தான் அடுத்த படிக்குச் சாவி. எஸ்பியும் கண்டுகொள்ளாவிட்டால் 175(3)-இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு போகலாம். எஸ்பிக்கு அனுப்பியதற்குச் சான்று இல்லாமல் அவசரப்பட்டு நேரே கோர்ட்டுக்குப் போய் மனு திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர். வக்கீலுக்குக் காசில்லை என்று நின்றுவிட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. உதவி எண் 15100.

போலீஸ் மேலேயே புகார் என்றால்

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். 1854-இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள், 1855-இல் அதன் அறிக்கை வந்தது. வட ஆற்காடும் அந்த மாகாணத்தில்தான் இருந்தது. வரி வசூலிக்கும் தாசில்தாரே போலீசுக்கும் தலைவராக இருந்த காலம். அடிபட்டவன் நியாயம் கேட்டு யாரிடம் போவது? அந்தக் கமிஷனின் அறிக்கை வேதனையோடு பதிந்த விஷயங்களில் ஒன்று, பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது. அதன் தொடர்ச்சியாக 1859-இல் வந்ததுதான் மாவட்டப் போலீஸ் சட்டம். போலீஸ் தனித் துறை ஆனது. போலீஸ் மேல் புகாரைக் கேட்க மட்டும் தனி இடம் வரவில்லை.

2006 செப்டம்பர் 22-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் போட்டது. அதில் ஒன்று, மாநிலத்திலும் மாவட்டத்திலும் காவல் புகார் ஆணையம். மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்பது கட்டளை. தமிழ்நாடு 2013-இல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டு வந்தது. அந்தச் சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர், டிஜிபியும் சட்டம் ஒழுங்கு ஏடிஜிபியும் உறுப்பினர்கள். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்பியும் ஏடிஎஸ்பியும் உறுப்பினர்கள். யார் மேல் புகாரோ அவருடைய மேலதிகாரியே விசாரிக்க உட்காருகிறார். இதை என்னால் சீர்திருத்தம் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1855-இல் கேட்ட அதே கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

அதற்காக அந்தக் கதவைத் தட்டாமல் விடுவதும் தவறு. கலெக்டருக்கு எழுதும்போது வெறும் "குறைதீர் மனு" என்று எழுதாதீர்கள். "மாவட்டக் காவல் புகார் ஆணையத் தலைவர் அவர்களுக்கு" என்று முகவரியிட்டு, 2013 சட்டத்தின் கீழ் புகார் என்று தலைப்பிடுங்கள். அப்போது அதைச் சாதாரண மனுவோடு சேர்த்து நிலையத்துக்கே தள்ளுவது அவ்வளவு சுலபம் இல்லை. கூடவே மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு பிரதி. அங்கே கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை, ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-இல் தீர்ப்பளித்திருக்கிறது. லஞ்சம் கேட்டால் மட்டும் பாதை வேறு, லஞ்ச ஒழிப்புத் துறை. பணம் கொடுப்பதற்கு முன்னால் போக வேண்டும்.

காத்திருப்பதால் வரும் கேடு பெரியது. எல்லா நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம், வசதி இல்லாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பர் 2-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு ஆறு மாதம் முன்னால்தான், போலீஸ் காவலில் அடிபட்டுத் தந்தையும் மகனும் இறந்த சாத்தான்குளம் சம்பவம் நடந்தது. அங்கே கேமரா இருந்தது, சேமிக்க இடமும் இருந்தது. ஆனால் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததாக விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அடிபட்டவர் வீட்டில் "கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லும் ஒவ்வொரு வாரமும் இந்தப் படம் அழிந்துகொண்டிருக்கலாம். மறுநாளே ஒரு தாள் எழுதுங்கள்: இந்த நிலையம், இந்தத் தேதி, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை உள்ள பதிவைப் பாதுகாத்து வைக்கக் கோருகிறேன். எஸ்பிக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் அனுப்புங்கள்.

அதைவிடக் கொடுமையானது, அடிபட்டவரே "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுவது. ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவமனையில் டாக்டர் பார்க்கும் அந்த ஐந்து நிமிடமும், மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கும் இரண்டு நிமிடமும்தான் ஒருவருக்கு இருக்கிற பெரிய வாய்ப்பு. காவலர் பக்கத்திலேயே நிற்பார், வாய் வராது. நான் குறை சொல்லவில்லை, அந்தப் பயம் எனக்குத் தெரியும். அதனால்தான் வீட்டாரோ வக்கீலோ உடன் இருக்க வேண்டும் என்கிறேன். கைது செய்தால் உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். மருத்துவ அறிக்கையின் பிரதி கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவு சொல்கிறது. கேட்டு வாங்குகிறவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. வெளியே இருந்து ஒரு குரல் எழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேலூர் மத்திய சிறையே சாட்சி. 2024-இல் ஒரு ஆயுள் கைதி தாக்கப்பட்டதாக அவருடைய தாயார் உயர் நீதிமன்றம் போனார். விசாரணை நடந்து, சிறை அதிகாரிகள் மேல் சிபிசிஐடி வழக்குப் பதிந்தது.

"ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்ற போன் அழைப்புக்கு எல்லோரும் ஓட வேண்டாம். எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், 60 வயது தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது அதே சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு.

புகாரின்மேல் நடவடிக்கை வந்ததாகச் செய்தி வரும். "ஆயுதப்படைக்கு மாற்றம்." வாசித்ததும் நமக்கு மனம் ஆறிவிடுகிறது. இடமாற்றம் தண்டனை கிடையாது. சில மாதத்தில் அவர் வேறு நிலையத்தில் இருப்பார். காவலர் ஒழுங்கு விதிகளின் 3(பி)-இன் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தார்களா, விசாரணை அதிகாரி யார், முடிவு என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் மனம் கனத்து எழுதுகிறேன், இது நம் பக்கத்துத் தவறு. சீட்டுப் பணம், கைமாற்று, நில எல்லை, வீட்டு வாடகை என்று சிவில் விவகாரத்தை நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். "ரெண்டு தட்டு தட்டினா குடுத்துடுவான் சார்" என்று நாமே கேட்கிறோம். அன்று பணம் வந்துவிடும், ஊரில் பெயரும் வரும். அந்த அறையில் அந்தப் பழக்கத்தை வளர்த்துவிட்டவர்கள் நாம்தான். அடுத்த முறை அதே அறையில் நம் பிள்ளை நிற்பான். அப்படிப்பட்ட மனு எழுதக் கேட்டு வருகிறவர்களை சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு பக்கத்து மேசைக்குப் போகிறார்கள்.

அந்த அம்மாவின் மனுவை எஸ்பிக்குத் தபாலில் அனுப்பினோம். பதினெட்டாம் நாள் நிலையத்திலிருந்து கூப்பிட்டு எஃப்ஐஆர் பிரதி கொடுத்தார்கள். இந்த முறை குற்ற எண் இருந்தது, பிரிவு இருந்தது. பைக் இன்னும் கிடைக்கவில்லை. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 193-ஆம் பிரிவில் இருக்கிறது. அது புரட்டாசியில் முடிகிறது. அதைக் கேட்டு எழுத வேண்டிய கடிதத்தை இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். பழைய சிஎஸ்ஆர் தாளோடு சேர்த்து அதே பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார், தேதி மட்டும் போட வேண்டும்.