சுசீலாம்மா பிறந்தநாளுக்குப் பாட்டு நிகழ்ச்சி நடத்த

பி. சுசீலா பிறந்தது 1935 நவம்பர் 13, ஆந்திரத்து விஜயநகரத்தில். பேனரில் வயதைப் போடும்போதே முதல் பிழை வந்துவிடும். 2025 நவம்பரில் அவருக்கு 90 வயது நிறைந்து 91 தொடங்கியது. எந்த ஆண்டு நடத்தினாலும் 'வயது நிறைவு' என்றே போடுங்கள், குழப்பமே வராது.

குடியிருப்பு ஹாலில் ஒன்றரை மணி நேரம் தாராளம். 14 பாட்டுக்கு மேல் வேண்டாம். பாட்டுக்கு நாலரை நிமிடம் என்றால் 63 நிமிடம், அறிமுகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம், மீதி 13 நிமிடம் ஆள் மாறவும் மைக் மாற்றவும் போய்விடும்.

பாட்டுகளை அவரவர் விருப்பத்துக்கு விட்டால் பத்துப் பேர் சோகப் பாட்டோடு வந்து நிற்பார்கள். மூன்று போதும், அதுவும் அடுத்தடுத்து வரக்கூடாது. 1960களோடு நிறுத்திவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். 'கேளடி கண்மணி' (1990) படத்தின் 'கற்பூர பொம்மை ஒன்று', 'புதிய முகம்' (1993) படத்தின் 'கண்ணுக்கு மை அழகு' இரண்டும் கட்டாயம் இருக்கட்டும். 'மன்னவன் வந்தானடி' பாட நினைப்பவருக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். கல்யாணி ராகம், சுரங்கள் வேறு வரும். இரண்டு நாள் ஒத்திகையில் மேடையேற்றினால் தாளம் கைவிட்டுப் போகும்.

எஸ். ஜானகி, வாணி ஜெயராம் பாட்டுகள் சுசீலா பெயரில் நுழைவது அடிக்கடி நடக்கிறது. படத்தின் டைட்டில் கார்டை மட்டும் நம்பாதீர்கள். பாடகர் பெயர்கள் அதில் மொத்தமாகத்தான் வரும். எது யார் பாட்டு என்பதை இசைத்தட்டு லேபிள்தான் சொல்லும்.

தொகுப்பாளர் கையில் பாட்டுக்கு ஒரு அட்டை கொடுங்கள்: படம், ஆண்டு, இசை, பாடலாசிரியர். 'தமிழுக்கும் அமுதென்று பேர்' 1965இல் வந்தது. வரிகள் பாரதிதாசன், இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி. ராமமூர்த்தி பெயரை விழுங்கிவிடாதீர்கள். 1968இன் 'நாளை இந்த வேளை பார்த்து' விஸ்வநாதன் தனியாக இசையமைத்தது, வரிகள் வாலி. சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதலாக வழங்கப்பட்டதே இந்தப் பாட்டுக்குத்தான். இதற்கு மட்டும் அறிமுகம் இரண்டு நிமிடம் போகட்டும். பாட்டு எண்ணிக்கையை வாய்க்கு வந்தபடி அடித்துவிடாமல் 2016 கின்னஸ் பதிவிலுள்ள 17,695ஐச் சொல்லுங்கள்.

ஸ்ருதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். பல்லவி வசதியாக இருக்கிறது என்று கரோக்கி ட்ராக்கை (பாடகர் குரல் இல்லாத இசைப்பதிவு) அப்படியே எடுத்துக்கொள்வார்கள், சரணத்தின் உச்சியில் குரல் பிளக்கும். முதலில் சரணத்தைப் பாடிப் பார்த்துக் கட்டையை, அதாவது ஸ்ருதியின் உயரத்தை, முடிவு செய்யுங்கள். ட்ராக்கை இரண்டு செமிடோனுக்கு (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான அரைச்சுர இடைவெளி) மேல் இறக்கினால் வயலின்கள் மந்தமாகி உயிர் போய்விடும். அந்த இடத்தில் ட்ராக்கை விட்டுவிட்டு கீபோர்டும் தபேலாவும் வைத்துப் பாடுவதே நல்லது.

சுசீலாம்மா பாட்டில் ஒரு எழுத்துகூட மங்காது. அதனால் மெட்டைத் தொடும் முன் வரிகளை உரக்கப் பேசிப் பழகுங்கள். 'தமிழுக்கும்' என்ற முதல் சொல்லில் ழுகரம் 'லு' ஆனால் பின்வரிசைவரை கேட்கும். மைக்கை உதட்டிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள், எக்கோவைக் குறைக்கச் சொல்லுங்கள். எக்கோ கூடினால் அவருடைய அந்தச் சின்னச் சின்ன கமகங்கள் (சுர அசைவுகள்) ஒன்றோடொன்று கரைந்து போகும்.